எழுபத்தைந்தை மட்டும் எடுத்தது யார்?

ஆயர் தாவார் கடைத்தெருவில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் கண்ணாடி மேசைமேல் அந்த லென்ஸ் உட்கார்ந்திருந்தது. தேடி வந்தது இது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் கலாதேவிக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, இது கையில பிடிச்சு எடுக்கற கேமராவோட லென்ஸ். நான் கேட்டது ட்ரோன்ல மாட்டறது."

"எழுபத்தஞ்சுன்னு போட்டிருந்தேன். எழுபத்தஞ்சுதானே இருக்கு?" என்றான் கடைக்காரன் ஷாஹ்ருல்.

"ட்ரோனுக்குத்தானான்னு மெசேஜ்ல கேட்டேன். நீங்க கட்டைவிரலத் தூக்கி ஒரு படம் அனுப்புனீங்க."

"அது நான் எல்லாருக்கும் அனுப்புவேன் லா அக்கா."

கலாதேவி வெயிலுக்குள் இறங்கி நடந்தாள். காரில் குளிரூட்டி செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டீரிங் மேல் கையை வைத்தபடி மாயாண்டி காத்திருந்தார்.

"இல்லையா?"

"இல்ல."

"ஈப்போவிலேர்ந்து எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வந்திருக்கோம் தங்கச்சி. தேடுனது கெடைக்காமப் போகல. லென்ஸா கெடைக்காம ரோடா கெடைச்சிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் ஆகிவிட்டிருந்தது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நில அலுவலகத்தில் விசாரணை.

கலாதேவி பதினாறு வருடங்கள் காப்புறுதிக் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவாள் என்று பெயர். பிறகு ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். மாயாண்டி அவளுக்கு உதவியாளர். இருபத்திரண்டு வருடம் ஈப்போ, பீடோர் தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அவளுக்குக் கார் ஓட்டுகிறார். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

வழக்கு நேற்று மாலைதான் மாடி ஏறி வந்தது. கொண்டுவந்தவன் ரூபன். கல்யாண வீடுகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவன். கையில் ஒரு கறுப்புப் பெட்டி, முகத்தில் அழாத குறை. மேசைமேல் பெட்டியைத் திறந்து மூன்று துணி உறைகளை வரிசையாக வைத்தான்.

"என் ட்ரோன்ல லென்ஸக் கழட்டி மாட்டலாம்க்கா. மூணு வச்சிருக்கேன். இருபத்தி நாலு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு மில்லிமீட்டர். எதை எடுக்கப் போறோம்னு தெரிஞ்சாத்தான் எதை மாட்டறதுன்னு முடிவு பண்ண முடியும். இருபத்தி நாலு ஊரையே அள்ளிக்கிட்டு வந்துரும், ஆனா மனுஷன் எறும்பாட்டம் தெரிவான். முப்பத்தஞ்சு நடுவால. எழுபத்தஞ்சு கொஞ்ச எடந்தான் பிடிக்கும். ஆனா இருநூறு மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டே ஆள அடையாளம் தெரியற மாதிரி எடுத்துரலாம்."

"அவ்ளோ தூரம் எதுக்குத் தள்ளி நிக்கணும்?"

"கிட்டப் போனா சத்தம் கேட்டுரும்க்கா. ஓடிருவானுங்க."

ஓடிப்போகிறவர்கள் மணல் அள்ளுகிறவர்கள். பீடோருக்கு அப்பால் ஆறாங்கட்டைத் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர் பால் வெட்டிய கித்தாத் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் பதினோரு குடும்பங்கள் மட்டும் மிச்சம். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் நடுவில் மணல் எடுக்க ஒரு கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது. ஆனால் அள்ளியதெல்லாம் கரையை. பள்ளம் நகர்ந்து நகர்ந்து வீடுகளின் பின்கட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு அடுப்படிகளில் சுவர் பிளந்துவிட்டது. அடுத்த பெருமழைக்கு லயம் தாங்காது. கேட்டால், அது ஆறு அரித்த பள்ளம், எங்கள் லாரி அந்தப் பக்கமே வருவதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. போகும் பாதையில் காவல், லாரிகளின் நம்பர் பிளேட்டில் சேறு, ஓட்டுகிறவர்கள் முகத்தில் துணி. புதன்கிழமை விசாரணையில் காட்ட ஒரு படமாவது வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் வீரம்மா ரூபனைக் கூப்பிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரூபன் எழுபத்தைந்தை மாட்டி ஒத்திகை பார்த்தான். வெளிச்சம் போதவில்லை, இடம் மட்டும் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றின் எதிர்க்கரையில் நின்று உறையைத் திறந்தான். உள்ளே லென்ஸ் இல்லை. சார்டின் மீன் டின் ஒன்று இருந்தது. சின்ன டின். அதே உயரம், கிட்டத்தட்ட அதே கனம்.

வேறு வழியில்லாமல் முப்பத்தைந்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் பறந்தான். காவல்காரன் விசில் அடித்தான். நீலக் கேன்வாஸ் பள்ளத்தை மூடியது, ஆட்கள் செம்பனைக்குள் மறைந்தார்கள். ரூபனுக்குக் கிடைத்தது கேன்வாஸ் படம் நாற்பது.

"அதே லென்ஸ் வேற யாருகிட்டயாவது கடன் கெடைக்காதா?" என்று கலாதேவி கேட்டதற்கு, பேராக் மாநிலத்திலேயே தன்னிடம்தான் இருக்கிறது, புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான்.

திருடன் விற்கப் பார்ப்பான் என்பது கலாதேவியின் முதல் கணக்கு. காலையிலிருந்து ஈப்போவில் நான்கு கேமரா கடை, இணையத்தில் ஆறு விளம்பரம், கடைசியில் ஆயர் தாவார். எல்லாம் வெறும் அலைச்சல்.

"லெச்சே கேஸு, ஒரே தொல்ல," என்று சலித்துக்கொண்டே மாயாண்டி காரைக் கிளப்பினார். "ஏன் தங்கச்சி, அந்த மூணுல எது வெல ஒசத்தி?"

"இருபத்தி நாலு."

"அத விட்டுட்டு எழுபத்தஞ்ச எடுத்திருக்கான். ஒண்ணு, அவனுக்கு வெல தெரியல. இல்லாட்டி, வேல தெரிஞ்சிருக்கு."

கலாதேவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதுக்கு? நல்லாருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அரை நாளை லென்ஸைத் தேடித் தொலைத்திருக்கிறாள். லென்ஸை எடுத்தவனுக்கு லென்ஸ் தேவையே இல்லை.

"படம் எடுக்கவே விடக்கூடாதுன்னா பெட்டியோட தூக்கிருக்கணும். ட்ரோன ஒடச்சிருக்கணும். ரெண்டு லென்ஸ விட்டுட்டுப் போயிருக்காங்கன்னா, ட்ரோன் பறக்கணும். ஆனா கிட்ட வந்து பறக்கணும். சத்தம் கேக்கணும்."

"கம்பெனிக்காரனுக்கு ட்ரோனே வரக்கூடாதே?"

"அதான் எனக்கும் இடிக்குது."

அவள் பையிலிருந்து சார்டின் டின்னை எடுத்தாள். நேற்றிலிருந்து அதைத் திருடனின் நக்கலாக நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாள். பச்சை நிறத் தாள், மூன்று மீன் படம். விலைச்சீட்டு இல்லை.

"இந்த மார்க்க நான் பாத்ததே இல்ல," என்றார் மாயாண்டி. "நான் சாப்புடாத சார்டின் இந்த மாநிலத்துல இருக்கா? பீடோருக்குப் போலாம். மீரா சாஹிப்புக்குத் தெரியாத டின்னு கெடையாது."

பீடோரில் மீரா சாஹிப்பின் மொத்த மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாயாண்டி பஸ் ஓட்டிய காலத்தில் அவருடைய சரக்குப் பொட்டலங்களைச் சும்மா ஏற்றி வந்தவர். அந்த விசுவாசம் இன்னும் இருந்தது.

"வாங்கண்ணே, வாங்கம்மா. கோப்பி சொல்லவா?"

"வேணாம் பாய். இந்த டின்னு உங்க கடைதானா?"

மீரா சாஹிப் டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எங்கடைதான். ஆனா நான் சில்லறையில விக்கல. போன தீபாவளிக்கு ஒரு பார்ட்டி கேட்டாங்கன்னு புதுசா வரவழைச்சேன். எண்ணெய், மாவு, பிஸ்கட்டு, இந்த சார்டின் ரெண்டு ரெண்டு. கூடையில கட்டி முப்பது ஹேம்பர். பாக்கி அட்டைப்பெட்டிய அனுப்புனவன்கிட்டயே திருப்பிட்டேன், ருசி சரியில்ல."

"எந்தப் பார்ட்டி?"

"ஆறாங்கட்டையில மணல் எடுக்கறாங்களே, அவங்கதான். லாரி ஓட்டறவங்களுக்குக் குடுக்க."

மாயாண்டி மேசையில் தட்டினார். "மீன் மாட்டிக்கிச்சு!"

கலாதேவிக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது லாரிக்காரர்கள், முப்பது வீடுகள். பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டாள். மொத்தமாக வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், பட்டியல் எதற்கு என்றார் மீரா சாஹிப். ஒரு வழி திறந்து, திறந்த இடத்திலேயே அடைத்துக்கொண்டது.

வெளியே வந்து ரூபனுக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழமைலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் பெட்டி எங்கெங்க இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"காருல, எங்க வீட்டுல. ஒத்திகை முடிஞ்சு தோட்டத்துல வீரம்மா அக்கா வீட்டு ஹால்ல ஒரு மணி நேரம். சாப்புட்டுத்தான் போகணும்னாங்க."

"அந்த ஒத்திகைப் படத்த யாருகிட்ட காட்டுன?"

"அக்காகிட்ட மட்டுந்தான். ஒரு லாரிக்காரன் தண்ணி குடிக்கத் துணிய எறக்குனான். இருட்டாத்தான் இருந்துச்சு. இந்தத் தூரத்துலேர்ந்து எப்படின்னு அக்கா கேட்டாங்க. லென்ஸக் காட்டி வெளக்குனேன். ஞாயித்துக்கெழம நல்ல வெளிச்சத்துல இவன் மொகத்தையே எடுத்துத் தாரேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரசம் ஊத்துனாங்க."

ஆறாங்கட்டைக்குப் போகிற செம்மண் பாதையில் மாயாண்டி காரைத் திருப்பினார்.

வீரம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் இறந்து பதினோரு வருடம், ஒரே மகன். தையல் வேலை பார்த்துக்கொண்டே சங்கத்தை நடத்துகிறவர். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர், பிளந்த சுவரை அளவுகோல் வைத்துப் படம் எடுத்தவர், கம்பெனி ஆள் வந்து மிரட்டியபோது கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னவர். அவரை இந்த ஒரு விஷயத்தில் சந்தேகப்படுவது கலாதேவிக்குக் கசப்பாக இருந்தது.

"வாம்மா. வாங்கண்ணே. லென்ஸு கெடச்சுச்சா?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டார் வீரம்மா.

"தேடிக்கிட்டு இருக்கோம்க்கா."

மாயாண்டி கை கழுவப் பின்பக்கம் போனார். குழாயடியில் ஒரு பூனை தகர டின் ஒன்றை உருட்டி உருட்டி நக்கிக்கொண்டிருந்தது. பச்சைத் தாள், மூன்று மீன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கலாதேவிக்கு முன்னால் வைத்தார். பூனை பின்னாலேயே வந்து கத்தியது.

வீரம்மா டின்னைப் பார்த்தார். பிறகு தையல் மெஷினைப் பார்த்தார்.

"உங்க மகன் எங்கக்கா வேல பாக்கறாரு?" கலாதேவி மெதுவாகத்தான் கேட்டாள்.

"தனேஸ்வரனா? ஈப்போவுல. ஒரு கிடங்குல." வீரம்மா டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்படித்தான் எங்கிட்ட சொல்லியிருந்தான். தீபாவளிக்கு ஒரு கூட கொண்டாந்தான். கிடங்குல குடுத்தாங்கன்னான். நம்புனேன்."

"வெள்ளிக்கிழமை படத்துலதான் தெரிஞ்சுதா?"

"மொகம் சரியாத் தெரியலம்மா. தண்ணிய அண்ணாந்து குடிச்சிட்டு, பொறங்கையால வாயத் தொடச்சு நிக்கறான். பெத்தவளுக்கு அது போதாதா? எங்க வீட்டுச் சுவத்தப் பொளந்த மண்ண எம்மகனே ஏத்திக்கிட்டுப் போறான்." தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றியிருந்த லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். "பள்ளம் படத்துல வரணும். அவன் வரக்கூடாது. ரெண்டும் நடக்கணும்னு நெனச்சேன். சத்தம் கேட்டா ஓடிருவான்னு அந்தப் பையன் சொன்னதே வசதியாப் போச்சு. கேன்வாஸப் போட்டு மூடுவானுங்கன்னு தோணல."

"மகனக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேப்பேன்? கேட்டா ஆமான்னு சொல்லிருவானே."

கலாதேவி லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். தேடியது கிடைத்துவிட்டது. ஆனாலும் கிடைத்தது போல இல்லை. அந்த அம்மாளிடம் கோபப்பட முடியவில்லை, படாமலும் இருக்க முடியவில்லை.

"படம் எடுத்தே ஆகணும்க்கா. பதினோரு வீடு இருக்கு. யாரு மொகம் வந்தாலும் வரும்."

வீரம்மா கெஞ்சவில்லை. "எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குக் காலையில. அக்கரையிலேர்ந்து."

கார் தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் மாயாண்டி வெடித்தார். "நேரத்தையும் சொல்லிட்டீங்க, எடத்தையும் சொல்லிட்டீங்க. ஏன் தங்கச்சி, பேனர் அடிச்சு ஒட்டிருக்கலாமே! ராத்திரி மகன்கிட்ட சொல்லுவாங்க, மகன் கம்பெனிகிட்ட சொல்லுவான். நாளைக்கு அங்க கொக்குதான் நிக்கும்."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சு ஏன் சொன்னீங்க?"

"தெரியல," என்றாள் கலாதேவி. உண்மையும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் லயத்துக்கு நேர் எதிரே, அக்கரையில் செம்பனை நிழலில் நின்றார்கள். ரூபன் எழுபத்தைந்தை மாட்டி, தூசு துடைத்து, ட்ரோனை ஏற்றினான். அது மரங்களுக்கு மேலே போய் ஒரு புள்ளியாக நின்றது. கையில் இருந்த திரையில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் இறைக்கும் பம்ப் தெரிந்தது. ஆள் இல்லை, லாரி இல்லை.

முதல் பேட்டரி தீர்ந்தது. இரண்டாவது பேட்டரியில் ஒரு கொக்கு வந்து கரையில் இறங்கியது.

"நான் சொன்னேன்ல?" என்றார் மாயாண்டி. "நேரந்தவறாம வந்திருக்கு."

"அண்ணே, வாய மூடுங்க." அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. இத்தனை வருட அனுபவத்தில் சாட்சியிடம் நேரத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாளைக்குப் பதினோரு குடும்பங்களின் முன்னால் நாற்பது கேன்வாஸ் படங்களை நீட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது பேட்டரியும் இறங்கியது. "கடைசி ஒண்ணுதான்க்கா இருக்கு," என்றான் ரூபன். "இருபது நிமிஷம்."

பதினான்காவது நிமிடத்தில் பம்ப் உறுமுகிற சத்தம் ஆற்றைத் தாண்டி வந்தது. செம்பனைக்குள்ளிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. நான்கு லாரி. மண்வாரி தன் கையை நீட்டிக் கரையைக் கடித்தது. ரூபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துத் தள்ளினான்.

"நம்பரு தெரியலக்கா. எல்லாத்துலயும் சேறு."

மூன்று லாரிகள் வழக்கம்போல ஆற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்றன. நான்காவது மட்டும் முன்னும் பின்னும் போய் வளைந்து, பின்பக்கத்தை ஆற்றுக்கு நேராகத் திருப்பி நின்றது. ஓட்டியவன் இறங்கினான். முகத்தில் துணி. லாரிக்குப் பின்னால் வந்து குனிந்து, சட்டை நுனியால் நம்பர் பிளேட்டைத் துடைத்தான். அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தான்.

"எடு!" என்றாள் கலாதேவி.

"எடுத்துட்டேன்க்கா. நம்பரு கண்ணாடி மாதிரி இருக்கு. அவன் முதுகுதான் தெரியுது."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். அக்கரை மரங்களின் மேலே, ட்ரோன் இருந்த பக்கமாகவே பார்த்தபடி பிளேட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

"அங்க சத்தம் கேக்கவே கேக்காதே," ரூபன் முணுமுணுத்தான். "இவனுக்கு எப்படித் தெரியும்?"

பேட்டரி எச்சரிக்கை கூவத் தொடங்கியது.

ட்ரோன் இறங்கிய பிறகு கலாதேவி தனியாகத் தள்ளிப் போய் வீரம்மாவுக்குப் போன் போட்டாள். நம்பர் விழுந்துவிட்டது, வழக்குக்கு அது போதும் என்றாள். "ரெண்டு படம் இருக்குக்கா. ஒண்ணுல நம்பரு மட்டும். இன்னொண்ணுல மொகமும் இருக்கு. மொகம் இல்லாததையே வச்சிரலாம். எனக்கு ஆட்சேபண இல்ல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"ராத்திரி சோறு போட்டுட்டு எல்லாத்தையும் சொன்னேம்மா," என்றார் வீரம்மா. "வாயே தொறக்கல அவன். விடியக்காலையில மோட்டார்சைக்கிள எடுக்கறப்போ, ட்ரோனு எந்தப் பக்கம் நிக்கும்னு மட்டும் கேட்டான்."

"வேல போயிருமேக்கா."

"போகும். கேஸும் வரும். மொகம் தெரியறதையே வைங்க. பேரு கேப்பாங்கல்ல? தனேஸ்வரன்னு எழுதுங்க. வீரம்மா மகன்னு எழுதுங்க."

"அது அப்பா பேரு எழுதற எடம்க்கா."

"எழுதும்மா," என்றார் வீரம்மா.